இருப்பைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்: வாங்குவதைக் குறைக்க ஒரு வழிகாட்டி

போகிக்கு வீட்டைச் சுத்தம் செய்யலாம் என்று பரணில் ஏறினேன். இறக்கிவைத்த சாமான்களைச் சொல்கிறேன். ஸ்டிக்கர் கிழிக்காத நான்ஸ்டிக் தோசைக்கல் ஒன்று. மிக்ஸியோடு இலவசமாக வந்த பிளாஸ்டிக் டப்பாக்கள் மூன்று, மூடியோடு. கொலு வீடுகளில் தாம்பூலத்தோடு கொடுத்த குங்குமச் சிமிழ்கள் ஏழு. ஒரு ஹாட்பாக்ஸ். அதன் பின்னால் அதே அளவில் இன்னொரு ஹாட்பாக்ஸ். முதலாவது பரணில் இருப்பது நினைவில்லாமல் இரண்டாவதை வாங்கியிருக்கிறோம். நாலு நாள் பயன்படுத்திவிட்டு அதையும் பரணிலேயே ஏற்றியிருக்கிறோம்.

வீட்டில் சாமான் சேர்ந்துவிட்டால் நாம் எல்லோரும் முதலில் யோசிப்பது எங்கே அடுக்குவது என்றுதான். புதுசாக ஒரு ரேக் வாங்குவோம், கட்டிலுக்கு அடியில் தள்ள பெட்டி வாங்குவோம். அடைசல் உருவாவது அலமாரியில் இல்லை, பில் போடுகிற இடத்தில். அங்கே கைவைத்தால் பணமும் மிஞ்சும், வீட்டில் நடக்கவும் இடம் கிடைக்கும்.

இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல வழி என் அம்மாவிடம் இருந்தது. மாதச் சாமான் லிஸ்ட் எழுத என்னை உட்காரவைக்கும்போது அம்மா முதலில் சொல்வது ஒன்றுதான்: "இருக்கிறதைப் பாத்துட்டு எழுதுடி." துவரம்பருப்பு டப்பாவை எடுத்துக் குலுக்கிப் பார்ப்பார். "கால்வாசி இருக்கு, இந்த மாசம் ஒரு கிலோ போதும்" என்பார். கடைக்காரர் இருப்பைப் பார்க்காமல் சரக்கு எடுக்கமாட்டார் இல்லையா, அதே கணக்குதான். கீழே சொல்கிற படிகள் எல்லாமே இந்த ஒரு வரியின் விரிவுதான். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் செய்ய வேண்டாம். முதல் மூன்று படிகளை மட்டும் செய்தாலே வித்தியாசம் தெரியும்.

படி 1: ஒரே ஓர் அலமாரி

வீடு முழுவதையும் கலைக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் உற்சாகமாக ஆரம்பித்து, சாயங்காலம் நடுக்கூடத்தில் மலைபோலக் குவிந்து, ராத்திரி எல்லாவற்றையும் திரும்ப உள்ளே திணித்த அனுபவம் பலருக்கும் இருக்கும். ஒரே ஓர் அலமாரி போதும். மசாலா டப்பா தட்டு, குளியலறைத் தட்டு, ரவிக்கைகள் வைக்கும் அடுக்கு, எது சின்னதோ அது.

பழைய பெட்ஷீட்டைத் தரையில் விரித்து, எல்லாவற்றையும் வெளியே எடுத்துவையுங்கள். ஒரு நோட்டில் பெயரும் எண்ணிக்கையும் எழுதுங்கள். ஒரே பொருள் இரண்டு இருந்தால் வட்டம் போடுங்கள். பிரிக்காமல் இருந்தால் நட்சத்திரக் குறி. தேதி கடந்திருந்தால் பெருக்கல் குறி.

எங்கள் சமையலறையின் மேல்தட்டில் நான் எண்ணியபோது கசகசா மூன்று பாக்கெட், மூன்றும் பிரித்தவை. பிரியாணிக்கென்று வாங்கிய அன்னாசிப்பூ இரண்டு பாக்கெட். பாதியில் நின்ற ஓட்ஸ். பீட்சாவோடு வந்த மிளகாய்த் தூள் பொட்டலங்கள் இருபதுக்கு மேல். எல்லாம் சின்னச் சின்னப் பொருள்கள்தான். ஆனால் கசகசா விலை தெரிந்தவர்களுக்கு அந்த மூன்று பாக்கெட்டின் அருமை புரியும்.

தேதி பார்க்கும்போது ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். 'எக்ஸ்பைரி' அல்லது 'யூஸ் பை' என்று போட்டிருந்தால் அந்தத் தேதிக்குப் பிறகு சாப்பிடக் கூடாது. 'பெஸ்ட் பிஃபோர்' என்பது அதுவரை தரம் குறையாமல் இருக்கும் என்று மட்டும் சொல்கிறது. பாக்கெட்டில் அது மட்டும்தான் இருக்கிறது, பொருளும் உலர்ந்தது என்றால், முகர்ந்து பார்த்து, நிறம் பார்த்து முடிவு செய்யலாம்.

இன்றைக்கு எதையும் தூக்கிப்போட வேண்டாம். கெட்டுப்போனதை மட்டும் எறியுங்கள், மற்றதை உள்ளே வையுங்கள். கழிப்பது மனசுக்கு லேசாக இருக்கும், ஆனால் காலியான இடத்தைப் பார்த்தால் கை அடுத்ததைத் தேடும். முதலில் அந்த எண்ணிக்கை உங்கள் கையெழுத்தில் நோட்டில் இருக்கட்டும்.

படி 2: மூன்று மாதச் செலவைப் படிப்பது

முன்பெல்லாம் பர்ஸில் இருந்த நூறு ரூபாய் நோட்டு மாறும்போது கைக்குத் தெரியும். இப்போது ஸ்கேன் செய்து, நாலு எண்ணைத் தட்டினால் வேலை முடிந்தது. பணம் போனதே உறைப்பதில்லை. ஆனால் யூ.பி.ஐ.யில் ஒரு நல்லது இருக்கிறது. ஒவ்வொரு ரூபாயும் எங்கே போனது என்று எழுதிவைத்திருக்கிறது.

கடைசி மூன்று மாதப் பட்டியலைத் திறந்து, வாடகை, பள்ளிக் கட்டணம், கரண்ட் பில், மருந்து எல்லாவற்றையும் ஒதுக்கிவிடுங்கள். மீதி இருப்பவற்றுக்குப் பக்கத்தில் ஓர் எழுத்து போடுங்கள். காலியாகிவிட்டது என்றால் 'க'. பயன்பட்டுக்கொண்டிருக்கிறது என்றால் 'ப'. சும்மா கிடக்கிறது என்றால் 'சு'. என்ன வாங்கினோம் என்றே ஞாபகம் இல்லை என்றால் 'ம'. 'சு', 'ம' இரண்டையும் கூட்டுங்கள். அந்தத் தொகையை நோட்டில் எழுதி, சுற்றிக் கோடு போடுங்கள். யாரிடமும் காட்ட வேண்டியதில்லை.

தொகையைவிட அதன் பக்கத்தில் இருக்கும் நேரத்தைப் பாருங்கள். என் பட்டியலில் 'ம' விழுந்தவை பெரும்பாலும் ராத்திரி பத்துமணிக்கு மேல். பிள்ளைகள் தூங்கி, பாத்திரம் கழுவி, அப்பாடா என்று உட்காரும் நேரம். சிலருக்கு அது மத்தியானச் சாப்பாட்டு இடைவேளை, சிலருக்குச் சம்பளம் விழுந்த அன்று. எனக்கு அந்த நேரத்தில் வேண்டியிருந்தது ஓய்வு, பொருள் இல்லை. உங்களுக்குரிய நேரம் எது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

படி 3: ஃபிரிட்ஜ் கதவில் ஒரு காகிதம்

என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். வாங்க வேண்டும் என்று தோன்றும் எதையும் அன்றே வாங்காமல் ஒரு காகிதத்தில் எழுதுங்கள். நாலு கட்டம் போதும்: தேதி, பொருள், விலை, எதற்கு. அரிசி, பால், மருந்து, பள்ளிக்கூடத்தில் நாளைக்கே கேட்கும் சார்ட் பேப்பர் எல்லாம் இதில் வராது.

ஐந்நூறு ரூபாய்க்குக் கீழே என்றால் மூன்று நாள் காத்திருங்கள். அதற்கு மேல் என்றால் அடுத்த சம்பளம் வரை. ஐயாயிரத்துக்கு மேல் என்றால் இரண்டு சம்பளம். இந்தத் தொகைகளை உங்கள் வருமானத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். காத்திருக்கிற நாள் மட்டும் குறையக் கூடாது.

'எதற்கு' என்ற கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். "நல்லா இருக்கு" என்று எழுதினால் அது பதில் இல்லை. "குக்கர் காஸ்கெட் தளர்ந்துவிட்டது, விசில் வருவதில்லை" என்பது பதில். நாள் வந்ததும் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. இந்த வேலையைச் செய்ய வீட்டில் ஏற்கெனவே ஏதாவது இருக்கிறதா? வந்தால் எந்த இடத்தில் வைப்பேன்? இதைத் துடைத்து, சார்ஜ் போட்டு, ரிப்பேர் பார்ப்பது யார்? மூன்றாவது கேள்வியில் நிறையப் பொருள்கள் நின்றுவிடும். ஏர் ஃபிரையர் வேண்டும் என்று எழுதியிருந்தேன். தினம் அதன் கூடையைக் கழுவ வேண்டும் என்று நினைத்ததும் நானே அடித்துவிட்டேன்.

ஒரு சம்பளம் கடந்தும் ஒரு பொருள் வேண்டும் என்று தோன்றினால், தயங்காமல் வாங்குங்கள். அதிலும் நல்லதாகப் பார்த்து வாங்குங்கள். காத்திருந்து வாங்கிய பொருளை யாரும் பரணில் போடுவதில்லை.

வைக்கும் இடத்துக்கும் விலை உண்டு

இது படி இல்லை, ஒரு கணக்கு. 600 சதுர அடி வீட்டுக்கு 18,000 ரூபாய் வாடகை என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுர அடிக்கு மாதம் 30 ரூபாய் ஆகிறது. துணி காயப்போடும் கம்பியாக மாறிவிட்ட டிரெட்மில் ஆறடி நீளம், மூன்றடி அகலம் என்றால் 18 சதுர அடி. மாதம் 540 ரூபாய் வாடகையை அதற்காகக் கொடுக்கிறோம். பொருளுக்குப் பணம் ஒருமுறை, அது உட்கார்ந்திருக்க மாதாமாதம் பணம். இந்தக் கணக்கைப் போட்ட பிறகு என் கணவர் பழைய கம்ப்யூட்டர் மேஜையை அந்த வாரமே விற்றுவிட்டார்.

மளிகை

ரொம்ப எளிதாக மிச்சம் பிடிக்கக்கூடிய இடம் இது. சமையலறைக் கதவின் உள்பக்கம் ஒரு சின்னச் சிலேட்டைத் தொங்கவிடுங்கள். ஒரு பொருள் கால் டப்பாவுக்கு வந்ததும் அதைக் கவனித்தவர் எழுதிவிட வேண்டும். மாதக் கடைசியில் அந்தச் சிலேட்டைப் பார்த்துதான் லிஸ்ட். கடைக்குப் போன பிறகு "வேற என்ன வாங்கலாம்" என்று யோசிப்பதே இல்லை.

மூடிய கதவுக்குள் இருக்கும் பொருள் கண்ணில் படாது, கண்ணில் படாதது இல்லாததாகவே தோன்றும். அதனால் அன்றாடம் எடுப்பதைக் கண்ணாடி டப்பாவில் போட்டு, முன்வரிசையில் வையுங்கள். இதற்காகப் புது டப்பா செட் வாங்க ஓடாதீர்கள். ஹார்லிக்ஸ், ஊறுகாய் பாட்டில்களைக் கழுவிக் காயவைத்தால் போதும்.

பெரிய பாக்கெட் என்றால் மலிவு என்று நம்பிவிடக் கூடாது. பாக்கெட்டின் ஓரத்தில் ஒரு கிராமுக்கோ, கிலோவுக்கோ, மில்லிலிட்டருக்கோ, லிட்டருக்கோ எவ்வளவு என்று சின்ன எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். இரண்டு பாக்கெட்டிலும் அந்த எண்ணை ஒரே அளவுக்கு மாற்றி ஒப்பிட்டுப் பாருங்கள். மலிவாகவே இருந்தாலும், ஐந்து கிலோ ரவை வாங்கி வண்டு விழுந்தால் மிச்சம் ஏது? மூன்று பேர் இருக்கும் வீட்டுக்கு அரைக் கிலோ போதும்.

எம்.ஆர்.பி. விலையில் 40 சதவீதம் தள்ளுபடி என்பதிலும் கவனம் வேண்டும். எம்.ஆர்.பி. என்பது எல்லா வரிகளும் சேர்ந்த உச்ச விலை. அதற்கு மேல் விற்கக் கூடாது என்பதுதான் சட்டம், கீழே எவ்வளவு வேண்டுமானாலும் விற்கலாம். ஆகவே அடித்துக் காட்டிய விலையை விட்டுவிட்டு, பக்கத்துக் கடையில் அதே பொருள் எவ்வளவு என்று பாருங்கள்.

பத்து நிமிடத்தில் கொண்டுவந்து தரும் ஆப்களில் வேறொரு சிக்கல். கொத்தமல்லிக் கட்டுக்காகத் திறப்போம். டெலிவரி இலவசமாக இன்னும் 90 ரூபாய்க்கு வாங்குங்கள் என்று வரும். 30 ரூபாயை மிச்சம் பிடிக்க 110 ரூபாய்க்குச் சிப்ஸும் பிஸ்கட்டும் ஏறிவிடும். அந்த 30 ரூபாயைக் கொடுத்துவிடுங்கள், அதுதான் சிக்கனம். தெருமுனைக் கடைக்கு நடந்து போனால் அதுவும் மிச்சம்.

துணி

ஆடி பிறந்ததும் தி.நகர் ரங்கநாதன் தெருவில் தோளோடு தோள் இடிக்காமல் நடக்க முடியாது. ஆடியில் கல்யாணம் காட்சி வைக்கமாட்டோம், வியாபாரம் மந்தமாக இருக்கும், அதை ஈடுகட்டத்தான் கடைகள் தள்ளுபடி போடுகின்றன. அதில் தவறில்லை. தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் வேண்டியதை ஆடியிலேயே எடுத்துவைப்பது கெட்டிக்காரத்தனம். எதற்கென்று தெரியாமல் எடுக்கும்போதுதான் சிக்கல்.

ஒரு புடவையின் கணக்கைப் பார்ப்போம். ஒரு வருஷம் தள்ளுபடியில் 1,400 ரூபாய்ப் புடவையை 850க்கு எடுத்தேன். மாம்பழ மஞ்சள், அரக்கு பார்டர். கையில் பிடித்தபோது 550 ரூபாய் லாபம் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகு ஃபால்ஸ், ஓரம் அடிக்க 120. அந்த மஞ்சளுக்குப் பொருந்தும் உள்பாவாடை என்னிடம் இல்லை, 220. லைனிங் துணியோடு ரவிக்கை தைக்க 600. ஆக 1,790. அதை நான் கட்டியது இரண்டே தடவை. ஒரு தடவைக்கு 895 ரூபாய். அதே சமயம் பத்து வருஷத்துக்கு முன் முழு விலை கொடுத்து எடுத்த ஒரு செட்டிநாட்டுக் கண்டாங்கி நூறு தடவைக்கு மேல் என் உடம்பில் இருந்திருக்கிறது. இந்தக் கணக்கைப் போட்டுவிட்டால், எது மலிவு என்று கடையின் பலகை சொல்லத் தேவையில்லை.

அதனால் துணிக்கடைக்குப் புறப்படும் முன் பீரோவைத் திறந்து, ஒவ்வொரு அடுக்கையும் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் ஒரு நிறம் பிடித்துவிட்டால் அந்தப் படத்தைப் பாருங்கள். எனக்குப் பச்சை கண்ணில் பட்டால் கை தானாகப் போகும். படத்தில் பார்த்தால் ஏற்கெனவே ஆறு பச்சை. "பிடிச்சிருந்தா எடுத்துக்குங்கக்கா, நாளைக்கு இருக்காது" என்று சொல்லும் பெண்ணுக்கு அது வேலை. காலையிலிருந்து நின்றுகொண்டே இருக்கிறாள். அவளிடம் கோபப்படத் தேவையில்லை. "பாத்துட்டு வரேம்மா" என்று சிரித்துவிட்டு நகர்ந்தால் போதும்.

சின்னப் பிள்ளைகளுக்கு அளவு கூட்டி எடுத்துவைப்பது வேண்டாம். அது பொருந்தும் வயதில் அவர்களுக்கு அது பிடிக்காது.

போனுக்குள் இருக்கும் கடை

கடைத்தெருவுக்குப் போனால்தான் கடை என்பது போய், கடை நம் தலையணைக்குப் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டது. இன்றைக்கே மூன்று காரியம் செய்யுங்கள். எல்லா ஷாப்பிங் ஆப்களுக்கும் அறிவிப்பை அணைத்துவிடுங்கள். சேமித்துவைத்த கார்டு விவரத்தை அழித்துவிடுங்கள். எழுந்து போய்க் கார்டை எடுத்துவரும் அந்த இரண்டு நிமிடத்தில் பாதி ஆசை அடங்கிவிடும். படி 2-இல் கண்டுபிடித்த உங்கள் நேரத்தில் ஆப் திறக்காதபடி லாக் அவுட் செய்துவையுங்கள்.

"இன்னும் 2 மட்டுமே உள்ளது", "சலுகை முடிய 9 நிமிடம்" என்று ஓடும் கடிகாரத்தைப் பார்த்து நெஞ்சு படபடக்கிறது என்றால், அப்படிப் படபடக்கத்தான் அதை வைத்திருக்கிறார்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் இப்படிப்பட்ட ஏமாற்று வடிவமைப்புகள் 13 வகை என்று பட்டியலிட்டுத் தடை செய்தது. பொய்யான அவசரம் காட்டுவது, நாம் கேட்காத காப்பீட்டையோ நன்கொடையையோ கூடையில் சேர்ப்பது, வேண்டாம் என்றால் குற்ற உணர்வு வரும்படி கேட்பது, கடைசிப் பக்கத்தில் புதுக் கட்டணம் முளைப்பது எல்லாம் அதில் உண்டு. பணம் கட்டும் முன் கூடையை ஒருமுறை மேலிருந்து கீழே படியுங்கள். நீங்கள் போடாத டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். பணம் போய்விட்டு விற்பவர் பதில் சொல்லவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிடலாம்.

வட்டியில்லா இ.எம்.ஐ. பற்றியும் சொல்லிவிடுகிறேன். கிரெடிட் கார்டில் இதை எடுத்தால் வங்கி வட்டி போடத்தான் செய்கிறது. அந்த வட்டி அளவுக்கு விலையில் தள்ளுபடி தருகிறார்கள். அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும், பல வங்கிகளில் செயலாக்கக் கட்டணமும் நம் தலையில்தான் விழும். அதைவிடப் பெரிய சேதம், 24,000 ரூபாய்ப் பொருள் "மாதம் 2,000தானே" என்று சின்னதாகத் தெரிவது. ஃபிரிட்ஜ் காகிதத்தில் எப்போதும் முழு விலையை எழுதுங்கள்.

கேட்காமல் வருபவை

இலவச வாளி, இலவச டிபன் பாக்ஸ், கிரகப்பிரவேசத்தில் வரும் எவர்சில்வர் தட்டு. வீட்டின் அடைசலில் ஒரு பங்கு நாம் வாங்காதது. கடையில் இலவசத்தை "வேண்டாங்க" என்று சொல்லிப் பழகுங்கள், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். விசேஷ வீட்டில் அப்படிச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் நம் முறை வரும்போது நாம் மாற்றலாம். போன நவராத்திரிக்கு நான் வெற்றிலை பாக்கு, மஞ்சள், ஒரு முழம் மல்லிகை, இரண்டு வாழைப்பழம், ஒரு சின்னப் பொட்டலம் சுண்டல் கொடுத்தேன். வந்தவர்கள் வீட்டில் அடுத்த நாள் அதில் ஒன்றும் மிச்சம் இருந்திருக்காது.

வெளியே அனுப்புவது

இரண்டு மாதம் போகட்டும். காகிதத்தில் காத்திருப்பது பழகிய பிறகு, முதல் படியில் வட்டமும் நட்சத்திரமும் போட்டவற்றை எடுங்கள். உடைந்த பிளாஸ்டிக்கும் காகிதமும் பழைய பேப்பர் கடைக்கு. எவர்சில்வர், பித்தளையைப் பாத்திரக்கடையில் எடைக்கு எடுத்துக்கொள்வார்கள். பதிலுக்குப் பாத்திரம் வேண்டாம், பணமாகக் கொடுங்கள் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். வேட்டியும் பழைய பருத்திப் புடவையும் கரித்துணிக்கு ஆகும். அடுத்தவருக்குக் கொடுப்பதாக இருந்தால் துவைத்து, இஸ்திரி போட்டு, பட்டன் விட்டுப்போயிருந்தால் தைத்துக் கொடுங்கள். வீட்டு வேலைக்கு வருகிற அக்காவிடம் கொடுக்கும் முன், "உங்களுக்கு இது வேணுமா?" என்று கேளுங்கள். அவர் வீட்டிலும் இடம் குறைவுதான்.

அடுத்தவர் பொருளில் கை வைக்க வேண்டாம். மாமியாரின் பித்தளை அண்டா, கணவரின் கல்லூரிப் புத்தகங்கள், மகள் சேர்த்த சோழிகள் எல்லாம் அவரவர் பொறுப்பு. சொல்லாமல் எறிந்தால் வீட்டில் யாரும் அதன்பின் இந்த முயற்சியில் சேரமாட்டார்கள். ஃபிரிட்ஜ் காகிதத்தில் எல்லோரும் எழுதலாம் என்று மட்டும் சொல்லிவையுங்கள். எங்கள் ஒன்பது வயதுக்காரி முதலில் எழுதியது "ஸ்கேட்டிங் ஷூ, 2,300, நித்யா வெச்சிருக்கா". அடுத்த சம்பளத்துக்குள் அவளே அதை அடித்துவிட்டு, "பேட்மின்டன் பேட் கம்பி அறுந்துபோச்சு" என்று எழுதினாள். கம்பி மட்டும் மாற்றிக் கொடுத்தோம்.

நடுவில் ஒரு மாதம் வழுக்கினால் நோட்டை மூடிவிடாதீர்கள். வாங்கியதையும் எழுதி, எந்த நேரத்தில் வாங்கினோம் என்பதையும் எழுதுங்கள்.

மூன்று மாதம் முடிந்ததும் முதலில் எண்ணிய அதே அலமாரியைத் திறந்து, அதே பக்கத்தில் புது எண்ணிக்கையை எழுதுங்கள். எங்கள் மேல்தட்டில் இப்போது கசகசா ஒரு பாக்கெட், கால்வாசி. சிலேட்டில் என் கணவர் கையெழுத்தில் "கசகசா 50 கிராம்" என்று எழுதியிருக்கிறது.